எத்தினி பக்கம்?

வாங்க வந்தவரை வாங்கவிடாமல் துரத்துவதற்கென்றே கடை திறந்து வைத்திருக்கும் ஒரே மனிதர் எங்கள் திருவள்ளூரில்தான் இருக்கிறார். பிரிண்டர், ஸ்கேனர் விற்கும் கடை. ஊரே அவரை 'எத்தினி பக்கம்' என்றுதான் சொல்லும். வருகிறவர் பெயரை அவர் கேட்டதே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும்: "ஒரு நாளிக்கி எத்தினி பக்கம்?"

செவ்வாப்பேட்டையில் தையல் கடை வைத்திருந்த அம்மா ஒருவர், பில் அடிக்க கலர் பிரிண்டர் கேட்டு வந்தார்.

"எத்தினி பக்கம்?"

"வாரத்துக்கு நாலஞ்சு வரும்."

"அதுக்கு இன்னாத்துக்கும்மா பிரிண்டரு? சும்மா கெடந்தா இங்க் காஞ்சி தொண்ட அடச்சிக்கும். பக்கத்துக் கடையில பில் புக்கு வாங்கிக்கினு போ."

அந்த அம்மா பில் புக்கோடு ரயில் ஏறினார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைக்காரர் ஒருவர், நாள் முழுக்க கேட் பாஸ் அடிப்பதற்கு, பார்க்க அழகாக இருக்கிறதென்று ஒரு குட்டி இங்க் பிரிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "இது உன் கேட்டுக்கு ஒரு மாசம் தாங்காது. நாக்கு தள்ளிடும். கருப்பு லேசர் எட்த்துக்கினு போ" என்று பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவரிடமும் "எத்தினி பக்கம்?" என்று கேட்டாராம். பொண்ணு பக்கம், மாப்பிள்ளை பக்கம் என்று ரெண்டு பக்கம் என்றாராம் அவர். இதை நான் நம்பவில்லை. ஆனால் நடந்திருக்காது என்று சத்தியம் செய்யவும் மாட்டேன்.

நான் கோர்ட்டுக்கு எதிரே நகல் எடுக்கும் கடை போட்டபோது என் முறை வந்தது. தாள்களைக் கட்டாக வைத்தால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் மேல் எனக்கு ஒரு கண்.

"அது ஒனக்கு வாணாம்" என்றார். "நம்ம ஜனங்க பத்திரத்த எட்டா மடிச்சி இடுப்புல சொருவிக்கினு வருவாங்க. அது கண்ணாடி மேல படுக்கணும். உள்ள இழுத்தா உசுரு போயிடும்."

நீளத் தாள் கொள்ளும் கண்ணாடி ஸ்கேனரைக் காட்டினார். அது கோதுமை மாவு சலிக்கிற வேகத்தில் வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றியது. முறைத்துக்கொண்டு வெளியே வந்து, சென்னைக்குப் போய் நான் ஆசைப்பட்டதையே வாங்கினேன். 'இங்கே ஸ்கேன் எடுக்கப்படும்' என்று போர்டும் மாட்டினேன். முதல் வாடிக்கையாளர் ஒரு கர்ப்பிணிப் பெண். "தண்ணி குட்ச்சிட்டு வரணுமாண்ணா?" என்று கேட்டார்.

இரண்டாவது வாரம் கடம்பத்தூர் விவசாயி ஒருவர் வந்தார். அன்றைக்கே அவர் வழக்கு. மூலப் பத்திரத்தின் நகலை வக்கீலிடம் கொடுத்தாக வேண்டும். பத்திரம் மடிப்பெல்லாம் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. என் இயந்திரம் முதல் தாளைப் பாதி விழுங்கிவிட்டு நின்றது.

"நைனா, அது பேப்பரு இல்லபா. எங்க ரெண்டு காணி நெலம்" என்றார் பெரியவர். எனக்கு இழுக்கவும் பயம், விடவும் பயம். மானத்தை மூட்டை கட்டிவிட்டு 'எத்தினி பக்கம்' கடைக்கு ஓடினேன்.

நடந்ததைச் சொன்னதும், "மொத்தம் எத்தினி பக்கம்?" என்றார்.

"நாலு."

"உள்ள எத்தினி போச்சி?"

"ஒண்ணு. அதுவும் பாதி."

ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார். மின்சாரத்தை நிறுத்தினார், பின்மூடியைக் கழற்றினார், உருளையை ஒற்றை விரலால் பின்னோக்கி நகர்த்தத் தொடங்கினார். பெரியவர் மூச்சு விடவில்லை. நானும்தான். ஒட்டுப் பிரியாமல் தாள் முழுசாக வெளியே வந்தது.

கொண்டு வந்த பெட்டியைப் பிரித்து, கண்ணாடி ஸ்கேனரில் நாலு பக்கத்தையும் அவரே படுக்க வைத்து எடுத்துக் கொடுத்தார். பெரியவர் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினார். கடைக்காரரோ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "இது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் காலிப் பெட்டியைப் பார்த்தேன். மேலே ஒட்டிய தாளில், நான் முறைத்துக்கொண்டு போன நாளின் தேதி. கீழே இனிஷியலோடு என் பெயர்.

எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர் பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.