புகையும் சத்தமும் இல்லாத கார்

காளவாசல், மதுரை.
ஆவணி கடைசி வெள்ளி, 2007.

மகாகனம் பொருந்திய பரமக்குடி மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கை ரங்கநாயகியின் கணவன் துளசிராம் மிக்க வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் தங்கை, மகன் ஹரிஷ்குமார் மூவரும் நலம். மூவரும் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. காரணம் பின்னால் வரும். அங்கு தாங்களும் குழந்தை பிருந்தாவும் நலமாக இருக்க அழகரை வேண்டுகிறேன். செல்போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் ‘சிக்னல் இல்லை’ என்று வைத்துவிடுகிறீர்கள். நாம் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தை எழுத்தில் கொண்டுவர எனக்கு வராது, ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கார்ப் பந்தயம் ஓட்டுகிறவனுக்குப் பிருந்தாவைத் தரமாட்டேன் என்று சித்திரையில் சொன்னீர்கள். பெண்ணைப் பெற்றவர் பேச்சு, தப்பில்லை. அதைக் கேட்டு நம் ஹரிஷ் சோறு இறங்காமல் திரிந்ததை நான்தான் பார்த்தேன். இப்போது பந்தயத்தை விட்டுவிட்டான். காரையே விட்டுவிட்டான். அது எப்படி என்று தெரிந்துகொண்டு தாங்கள் தை மாதத்தில் முகூர்த்தம் பார்க்கவேண்டும்.

நாகமலைக்கு மேற்கே பொட்டல் காட்டில் பெரிய மண்தடப் பந்தயம் ஒன்று நடத்தச் சென்னைக் கம்பெனி ஒன்று வந்தது. ஊர் உலகம் மெச்சும்படி, சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் நடத்தவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அந்தப் பொறுப்பை ஹரிஷ் இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். பந்தயமும் ஓட்டுவான், பசுமையும் பார்ப்பான். “இது ஒண்ணுல நல்ல பேரு எடுத்துட்டு ஹெல்மெட்டக் கழட்டி வச்சிருவேம்ப்பா” என்றான். பார்க்க வருகிறவர்கள் சொந்த வண்டியில் வரக்கூடாது, பஸ்தான். பிளாஸ்டிக் டம்ளர் கிடையாது, பானைத் தண்ணீரும் மந்தாரை இலைத் தொன்னையும். மைக் செட் கிடையாது, வெடி கிடையாது, கைதட்டினால்கூட ஒரு பையன் வந்து வாயில் விரலை வைத்துக் காட்டுவான். இழவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும் என்றாள் தங்கள் தங்கை.

இதில் வளைவு ஒன்றுக்குச் சரளை வேண்டியிருந்தது. மேலூர்ப் பக்கமிருந்து ஜல்லி வாங்கலாம் என்றேன். மலையை உடைத்த பாவம் நமக்கு வேண்டாம், வீணாய்க் கிடப்பதை எடுத்துப் போடலாம் என்றான் இவன். டிராக்டர் வைத்திருக்கும் பேயாண்டி, “பழைய ஓட்டுச் சில்லு ஒரு எடத்துல குமிஞ்சு கெடக்கு மாப்ள, கேக்க நாதியில்ல” என்று கொண்டுவந்து கொட்டினான். செக்கச்செவேல் என்ற சுட்ட மண். ஹரிஷே ரோலரில் ஏறி அதை மிதித்துச் சமப்படுத்தினான். உடையாத ஒரு துண்டு மட்டும் அவன் கண்ணில் பட்டது. அதில் கறுப்பு மையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண் எழுதியிருந்தது. அழகாயிருக்கிறதே என்று துடைத்துத் தன் காரின் டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டான். தாங்கள் கோபப்படக் கூடாது, அதற்கு நேர் எதிரே பிருந்தாவின் போட்டோவும் ஒட்டியிருந்தது.

அந்தப் பொட்டல் நிலத்துக்காரர் நல்லகாமன் என்று ஒரு பெரியவர். மறுநாள் வந்தவர் வளைவுக்கு இந்தப்பக்கமே செருப்பைக் கழற்றிவிட்டார். “அய்யா, இது ஓட்டுச் சில்லு இல்ல. அய்யனாருக்கு எங்க ஊர்ல நேந்துக்கிட்டுப் புரவி எடுத்து வச்ச மண்ணுக் குதிர. வச்ச எடத்துலயே மழையில கரையணும், அதான் மொற. யாரும் தொட மாட்டோம்” என்றார். “தெரியாமல் நடந்துவிட்டது, இப்போது என்ன செய்வது” என்று கேட்டேன். “அது பாட்டுக்குக் கெடந்தாக் கெடக்கும். எடம் மாத்திட்டீகள்ல, இனி ஓடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

பந்தயம் உச்சி வெயிலில். கூட்டம் அம்புட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, காக்கைகூட இல்லை. கார்கள் புறப்பட்ட சத்தம் காதைக் கிழித்தது. ஒவ்வொரு காரும் அந்தச் செம்மண் வளைவுக்குள் போனதும் சத்தம் நின்றது. நின்றது என்றால், அறுத்துப் போட்டமாதிரி நின்றது. கார் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றுமில்லை. வளைவைத் தாண்டியதும் மற்ற கார்களுக்கெல்லாம் சத்தம் திரும்பி வந்தது. நம் ஹரிஷின் காருக்கு மட்டும் வரவில்லை. சத்தமில்லை, புகையில்லை, சக்கரத்தடியில் தூசிகூட எழவில்லை. எங்களைக் கடந்து போனபோது தரை மட்டும் அதிர்ந்தது, தடதட தடதட என்று, உட்கார்ந்திருந்த பலகை வழியாக என் முதுகெலும்பில் ஏறியது. எனக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனி அதிகாரி சத்தம் அளக்கும் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை.

ஹரிஷ்தான் முதலில் வந்தான். டாங்கைத் திறந்து பார்த்தால் ஊற்றிய பெட்ரோல் ஊற்றியபடி இருந்தது. இதைவிடச் சுத்தமான பந்தயத்தை உலகத்தில் யாரும் நடத்தியதில்லை என்று அதிகாரி கண்கலங்கி, என் மகனைக் கட்டிக்கொள்ளப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார். அவன்மேல் வேர்வை நாற்றம். மனுஷ வேர்வை இல்லை. உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்தமாதிரி கன்றியிருந்தது. “நான் ஓட்டலப்பா. கூட்டிட்டுப் போச்சு” என்றான்.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் தங்கள் தங்கை ரசத்துக்கு ஊறவைத்த கொள்ளைக் காணோம். பாத்திரம் கார் அருகில் உருண்டு கிடந்தது. தெருமாட்டைத் திட்டினாள். அடுத்த நாளும் அப்படியே. பிறகு திட்டாமல் அவளாகவே இரண்டு பாத்திரம் ஊறவைக்க ஆரம்பித்தாள், ஒன்று நமக்கு, ஒன்று அதற்கு. ஒரு நாள் உச்சிப்பொழுதில் நான் பானெட்டில் கை வைத்தேன். வெயிலில் நின்ற வண்டி, சூடு இருக்கும் என்று தெரியும். மூச்சும் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், அந்தக் கண் பிருந்தாவின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே ஹரிஷ் மேற்கே பார்த்து நின்று, குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒரே பிள்ளை, மைத்துனரே. என் மகன் எனக்கு இல்லை என்று அன்றைக்கு நினைத்துவிட்டேன்.

நல்லகாமன் காலில் விழாத குறை. அவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். “ஒத்தக் கண்ணுன்னாலும் தொறந்த கண்ணு. எதப் பாத்துக்கிட்டு இருக்கோ அங்கதேன் போகும். அய்யனார் தோப்புல கொண்டுபோய் மத்த குதிரைகளோட நிப்பாட்டிட்டு, திரும்பிப் பாக்காம வந்துருங்க. தம்பி இனி ஏறக்கூடாது” என்றார். அப்படியே செய்தோம். பேயாண்டிதான் டிராக்டரில் கட்டி இழுத்தான், வழி நெடுக அழுதுகொண்டே. மண்குதிரை வரிசையில் கடைசியாக நிறுத்தி, மாலை போட்டு, பெட்ரோலை வடித்து, சாவியை அய்யனார் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஹரிஷ், “பசிக்குதுப்பா” என்றான். தட்டு நிறையச் சோறு தின்றான். இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறான், ஜன்னலோரம்கூட உட்காருவதில்லை.

ஆகவே மைத்துனரே, தாங்கள் கேட்டது நடந்துவிட்டது. காரும் இல்லை, பந்தயமும் இல்லை, பிள்ளை திரும்பி வந்துவிட்டான். தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள். பிருந்தாவுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். தங்கள் இடுப்பு வலிக்குத் தங்கள் தங்கை தைலம் கொடுத்தனுப்புவாள்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை என்றும் தட்டாத
துளசிராம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் தரை அதிர்ந்தது. போய்ப் பார்த்தால் மாலை வாடிய கோலத்தில் நம் கார். உள்ளே பிருந்தா. ஓட்டுகிற இடத்தில் ஆள் இல்லை. ஹரிஷ் சாப்பிட்டுவிட்டு உள்ளே உறங்குகிறான், குறட்டை எனக்குக் கேட்கிறது. போட்டோவைக் கிழிக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தங்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள், வாசலில் அத்தான் வந்து நிற்பதாக நினைத்து ஏறினாள் போலிருக்கிறது. கையில் தங்கள் வீட்டு ரசக் கரண்டி இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், சூடு ஆறவில்லை. பரமக்குடி இரண்டு மணி நேரப் பாதை. ஆகவே குழந்தையைத் தேடி அலைய வேண்டாம், பத்திரமாக இருக்கிறாள். ஆனால் வந்தவள் என்னையும் பார்க்கவில்லை, ஹரிஷையும் கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், “அத்தே, கொள்ளு ஊறப் போட்டிருக்கா? அதுக்கு ரொம்பப் பசிக்குது, இன்னும் தூரம் போகணுமாம்” என்கிறாள்.