குடைக் கம்பனி மாப்பிள்ளை

"அங்க என்ன வேலை எண்டு அம்மா கேக்கிறா. நான் என்னெண்டு சொல்லுறது?"

நிரோஜனுக்குப் பேசியிருந்த பெண் பிரியந்தினி, சாவகச்சேரியிலிருந்து போனில் கேட்டாள். அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கில் அவனுக்குக் கோழிப் பக்டரியில் வேலை. நாள் முழுக்கத் தலை போன கோழிகளைக் கொக்கியில் மாட்ட வேண்டும். அவள் வீட்டிலோ முட்டைகூட வாசல்படி ஏறாது. படகில் வந்து தற்காலிக விசாவில் கிடக்கிறவனுக்குப் பெண் தரச் சம்மதித்ததே பெரிய காரியம். கோழி என்று தெரிந்தால் சம்பந்தம் அதோடு சரி.

முன்னறையில், கூட இருக்கும் மகாதேவன் அங்கிள் ஜப்பான் காதல் நாடகம் ஒன்றை டிவிடியில் போட்டிருந்தார். காதலியை ஊரில் விட்டு நகரத்துக்கு வந்த பொடியன், கழுத்தில் டை கட்டிக்கொண்டு குடைக் கம்பனிக்குள் நுழைந்துகொண்டிருந்தான்.

"குடைக் கம்பனி. ஒபீஸ் வேலை," என்றான் நிரோஜன்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! நாடகத்துப் பொடியனின் ஜன்னலடியில் ரயில் ஓடினால், போனில் நிரோஜனின் ஜன்னலடியிலும் ஓடியது. அவனுக்குப் பதவி உயர்வு வந்தால் இவனுக்கும் வந்தது. கையிலிருந்த கோழி நாற்றம் மட்டும் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை.

"விசா சரிவந்ததும் உம்மைக் கூப்பிடுவன். அதுவரைக்கும் இருப்பீர்தானே?"

"பிறகு கம்பனியில என்ன நடந்தது? அதைச் சொல்லுங்கோ," என்பாள் அவள்.

பாவி மனுசன், அதை அன்பு என்று நினைத்தான்.

தை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில், நாடகத்தில் பார்த்தபடி "இங்க ஒரே பனி கொட்டுது," என்று உளறிவிட்டான்.

"அவுஸ்திரேலியாவில இப்ப வெயிலாம், நியூஸில சொன்னவங்கள்."

"அது... மலைப்பக்கம் போனனான்."

"ஆரோட?"

நாடகத்துப் பொடியன் ஒருத்தியோடுதான் போனான். இவனும் யோசிக்காமல், "ஒபீஸ் பிள்ளை ஒண்டோட," என்றான்.

"ஓ! பேர்?"

"யோகராணி." அது பக்டரியில் கோழி கழுவும் அன்ரி, பேரப்பிள்ளை கண்டவர்.

"அவ அன்ரி மாதிரி. வயசு போனவ," என்று சமாளிக்கப் பார்த்தான்.

"வயசு போன பிள்ளையோ?" பிரியந்தினி போனை வைத்துவிட்டாள்.

போதும் இந்தக் கூத்து என்று மறுநாளே நிரோஜன் போன் எடுத்தான். போனைத் தூக்கியது அவளின் தங்கை லக்சிகா.

"அக்காட்டைக் குடும். நான் உண்மையைச் சொல்லப்போறன். எனக்குக் குடைக் கம்பனியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. கோழிப் பக்டரியிலதான் வேலை. எல்லாம் ஒரு ஜப்பான் நாடகத்தில பாத்துச் சொன்னது."

"தெரியும் அண்ணை. அதைப் போன வருசமே இங்க டீவியில தமிழில போட்டவங்கள். நீங்கள் குடை எண்டோடனையே அக்கா பிடிச்சிட்டா."

அவனுக்கு ஒரு பக்கம் வெட்கம். மறுபக்கம் நெஞ்சுப் பாரம் இறங்கியது. பொய் என்று தெரிந்தும் இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தாளே!

"அப்ப அக்காக்குக் கோவமில்லையே? பிறகேன் ஒண்டும் சொல்லாமல் இருந்தவ?"

"கடைசிப் பாகத்தில ஊரில இருந்த பெட்டை காத்திருக்காமல் வேற ஆளைக் கட்டுவா அண்ணை. நீங்களே கதை சொல்லி அதுவரைக்கும் வந்தியள் எண்டால், தான் வாய் திறக்கத் தேவையில்லை எண்டு அக்கா பாத்துக்கொண்டிருந்தவ. நாளைக்கு அக்காவின்ர தாலிக்குப் பொன்னுருக்கல்."