ஒரு முடி கொடுங்க, நானோ சொல்றேன்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் உள்ள பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் டீக்கடை பெஞ்சுகளிலும் ஓர் இனம் நடமாடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் விளக்குநர். ஆசிரியர் வேறு, விளக்குநர் வேறு. ஆசிரியருக்கு மணி அடித்தால் நிறுத்தத் தெரியும். சம்பளமும் உண்டு. விளக்குநர் சம்பளம் கேட்பதில்லை. ஒரு சால்வை, ஒரு டீ, எதிரே நாலு தலை இருந்தால் போதும். தலைகள் ஆடினால் இன்னும் நல்லது.

இந்த இனத்தில் கிளைகள் பல. சர்க்கரை வியாதியை விளக்குபவர் இருக்கிறார், பங்குச் சந்தையை விளக்குபவர் இருக்கிறார், மெட்ரோ ரயில் ஓசூருக்கு ஏன் வரும் என்பதைக் காலையிலும் ஏன் வராது என்பதை மாலையிலும் விளக்குபவர் இருக்கிறார். நான் சொல்ல வந்தது அண்மையில் தழைத்திருக்கும் கிளை: நானோ விளக்குநர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருக்காவிட்டால் கவலை வேண்டாம், அவர் உங்களைப் பார்த்துவிடுவார்.

உதாரணத்துக்குப் பரமசிவம் சாரை எடுத்துக்கொள்வோம். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். பிழைக்க வந்தது ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு. அங்கே தரப் பிரிவில் மேலாளர். பல்சக்கரத்தின் பல்லை மைக்ரான் கணக்கில் அளந்து அளந்து அலுத்துப்போனவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருவில் நடந்த நானோ பயிலரங்குக்குப் போனார். மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர் என்று அங்கே கேட்டதும் அவருக்குள் ஏதோ நடந்துவிட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு சான்றிதழும் ஒரு துணிப்பையும் இருந்தன. மதிய சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னார். மற்றபடி அன்றிலிருந்து அவர் வேறு மனிதர்.

யோசித்துப் பார்த்தால் விளக்குநருக்கு இதைவிடத் தோதான பொருள் ஏது? யானையை விளக்கினால் தேன்கனிக்கோட்டைக்காரன் எழுந்து நின்று, "சார், நேத்து ராத்திரிதான் எங்க கொல்லையில பார்த்தேன், நீங்க சொல்ற மாதிரி இல்ல" என்பான். மாம்பழத்தை விளக்கினால் கிருஷ்ணகிரியில் அடிதான் விழும். நானோவை யார் பார்த்தார்கள்? "எங்க கொல்லையில வந்துச்சு சார்" என்று யாரும் சொல்லப்போவதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பரமசிவம் சார் சொல்வதெல்லாம் சரி. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு நானோமீட்டர்; சரி. பூமிப் பந்து ஒரு மீட்டர் என்றால் கோலிக்குண்டு ஒரு நானோமீட்டர்; ஏறக்குறைய சரி. தங்கத்தை நானோ அளவுக்குச் சிறியதாக்கித் தண்ணீரில் கலந்தால் அது மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும், அதுவும் சரி. (இந்த இடத்தில் முன்வரிசை ஆசிரியைகள் கழுத்துச் சங்கிலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.) பொய் சொல்பவரென்றால் ஒரு நாள் மாட்டிக்கொள்வார். சரியாகச் சொல்பவரை யார் நிறுத்துவது?

அவருடைய கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. குத்துவிளக்கு ஏற்றி, தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, சால்வையைப் போர்த்தியதும் அவர் மேடையிலிருந்து இறங்கி முதல் வரிசைக்கு வருவார். "தம்பி, ஒரு முடி கொடுங்க" என்பார். தன் தலையில் பிடுங்கிக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். இப்போது கையிருப்பு குறைவு. மாணவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுப்பான். அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதோட பருமன் லட்சம் நானோமீட்டர்!" என்பார். கைதட்டல். ஏற்கனவே அவர் பேச்சைக் கேட்ட பள்ளிகளில் முதல் வரிசை காலியாகவே இருக்கும்.

அடுத்தது நகம். "எல்லாரும் விரலை நீட்டுங்க. நகத்தையே பாருங்க. பேசக் கூடாது." அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நகத்தைப் பார்க்கும். தலைமையாசிரியரும் பார்ப்பார். ஒரு விநாடி போகும்.

"வளர்ந்துச்சா?"

"வளர்ந்துச்சு சார்!"

"தெரிஞ்சுதா?"

"தெரியல சார்!"

"விநாடிக்கு ஒரு நானோமீட்டர்! அதான் நானோ!"

மூன்றாவதுதான் முக்கியம். எந்தக் கூட்டத்திலும் யாரோ ஒரு பிள்ளை கையைத் தூக்கும். பரமசிவம் சார் அந்தப் பிள்ளையைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, "நல்ல கேள்வி. கடைசியில வர்றேன்" என்பார். கேள்வி என்ன என்று அந்தப் பிள்ளை இன்னும் சொல்லியிருக்காது. அந்தக் கடைசி எப்போது வரும்? இதுவரை வந்ததில்லை. நாட்டுப்பண் வந்திருக்கிறது, சமோசா வந்திருக்கிறது, பள்ளி வேன் வந்திருக்கிறது.

கூட்டம் இல்லாத நாட்களில் சிப்காட் வாசலில் திம்மப்பன் டீக்கடை. திம்மப்பனுக்கு மூன்று மொழி தெரியும். பரமசிவம் சார் பால் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணமான நுண்துகள்களை விளக்கும்போது அவர் தமிழில் 'ஆமா' என்றும் கன்னடத்தில் 'ஹௌது' என்றும் தெலுங்கில் 'அவுனு' என்றும் மாற்றி மாற்றிச் சொல்லி டீ ஆற்றிக்கொண்டிருப்பார். மூன்று மொழிக்காரர்களும் ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போவார். வீட்டில் மனைவி பார்வதி. "மிளகை முழுசாப் போட்டாக் காரம் இறங்காது பார்வதி. பொடிச்சா மேற்பரப்பு கூடும். மேற்பரப்பு கூடினா வேகம் கூடும். நானோவோட அடிப்படையே இதான்." பார்வதி உலக்கையை நிறுத்தாமல், "அதுக்குத்தான இடிச்சிட்டு இருக்கேன்" என்பார்.

இவ்வளவில் நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்த வருஷம் மாணவர் அறிவியல் கண்காட்சிக்கு அவரை நடுவராகப் போட்டார்கள்.

ஓசூரில் ஒரு பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. தலைப்பு நானோ. முதல் பரிசு வாங்கும் மாணவர் சென்னைக்கு, மாநிலக் கண்காட்சிக்குப் போகலாம். நான் தேன்கனிக்கோட்டைக்காரன், ஓசூருக்கு வேறு வேலையாக வந்தவன், பந்தலைப் பார்த்து உள்ளே நுழைந்தேன். எங்கள் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து ஜெயப்ரியா என்று பதினொன்றாம் வகுப்புப் பெண் வந்திருந்தாள். கூடவே அவள் அம்மா வெங்கடம்மாள். கோஸும் பீன்ஸும் பயிர் செய்கிற குடும்பம். மேசையின்மேல் ஒரு கோஸ் இலை, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சொட்டுக் குழாய். அவ்வளவுதான் அவளுடைய காட்சிப்பொருள்.

இலையின் ஒரு பாதியை அவள் தொடவே இல்லை. மறு பாதியை விரலால் தேய்த்து வைத்திருந்தாள். தொடாத பாதியில் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடியது. தேய்த்த பாதியில் பரவி ஒட்டிக்கொண்டது. இலைமேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகு மேடுகள் இருக்கின்றன, தேய்த்தால் அவை போய்விடுகின்றன, இலையின் நிறமோ கனமோ மாறவில்லை, நானோ அளவில் மேற்பரப்பு மாறியதும் குணமே மாறிவிட்டது. இதைத்தான் அவள் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிஷம். அம்மாவிடமும் மாட்டிடமும் சொல்லிப் பழகியிருந்தாள். சென்னைக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அதைவிடப் பெரிய ஆசை, விஷயம் தெரிந்த ஒருவர் இதைக் கேட்க வேண்டும் என்பது. அவளே என்னிடம் சொன்னாள்.

பரமசிவம் சார் வந்தார்.

"இது என்னம்மா?"

"சார், இது கோஸ் இலைங்க சார். இதுல தண்ணி விட்டா..."

"நிக்காது. ஏன் நிக்காது? சொல்றேன்."

சொன்னார். தாமரையிலிருந்து தொடங்கினார். பூமிக்கும் கோலிக்குண்டுக்கும் போனார். நடுவில், "ஒரு முடி கொடும்மா" என்றார். இறுகப் பின்னி ரிப்பன் கட்டியிருந்த சடையிலிருந்து அவள் ஒன்றை இழுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தூக்கிப் பிடித்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"சார், இந்தப் பாதியில நிக்கும் சார்" என்றாள் ஜெயப்ரியா.

"நிக்காதும்மா. அந்த இலையோட தன்மையே அதான்."

அவள் வாதாடவில்லை. தேய்த்த பாதியில் ஒரு சொட்டு விட்டாள். நின்றது. பரமசிவம் சார் குனிந்து பார்த்தார். இப்போதாவது ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"இலை பழசு போல. அடுத்த தடவை நல்ல இலையாக் கொண்டு வா" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். ஐந்து நிமிஷம் முடிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையிலிருந்த முடியைப் பிடுங்கி அவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்போல ஆத்திரமாக வந்தது. கொடுக்கவில்லை. யார் கொடுக்கிறோம்?

அடுத்த மேசையில் நவீன்குமார். ஓசூர்ப் பையன். பிளாஸ்டிக் உருண்டைகளைக் குச்சியில் கோத்து, பெரிய பந்தாக்கி, உள்ளே கலர் விளக்கும் போட்டிருந்தான். பெங்களூருவில் ஒரு கடையில் வாங்கியது. நல்ல பையன். அது என்ன என்று மட்டும் அவனுக்குத் தெரியாது.

"அறுபது கார்பன் அணு. கால்பந்து மாதிரி சேர்ந்திருக்கு. இல்லையா தம்பி?"

"ஆமா சார்."

"உள்ளே கூடு. அதுக்குள்ள மருந்தை வச்சு உடம்புக்குள்ள அனுப்ப முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. இல்லையா?"

"ஆமா சார்."

ஐந்து நிமிஷக் கணக்கு மறந்துபோய்க் கால் மணி நேரம் இப்படிப் போனது. சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

பரிசளிப்பின்போது ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னார்: "முதல் பரிசு நவீன்குமார். எவ்வளவு கடினமான விஷயம்! அந்த மேசைகிட்ட நின்னு கேட்டப்போ அவ்வளவு தெளிவா இருந்துச்சு. ஒரு சந்தேகம் வரலை. விளக்கும் திறனுக்கு முழு மதிப்பெண்." அவர் பொய் சொல்லவில்லை. அந்த மேசையில் அவர் கேட்ட விளக்கம் நிஜமாகவே தெளிவாகத்தான் இருந்தது. ஜெயப்ரியாவுக்கு ஆறுதல் பரிசு. "சிந்தனை இருக்கு. பேச்சை வளர்த்துக்கணும்" என்று அறிவுரையும் உண்டு.

மாலை தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் அம்மாவும் மகளும் எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயப்ரியா அழுதுகொண்டிருந்தாள். வெங்கடம்மாளுக்குக் காரணம் புரியவில்லை.

"அந்த சாரு உங்கிட்டத்தான கண்ணு அவ்ளோ நேரம் பேசினாரு? உனக்குத்தான் குடுப்பாருன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"என்னைப் பேசவே உடலம்மா."

"சரி, எனக்குச் சொல்லு. என்னா அது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஒரு ஆளாவது கேட்கட்டும் என்று. மெழுகு மேடுகளைச் சொன்னாள். மேற்பரப்பைச் சொன்னாள். காலையில் அடைத்து வைத்த ஐந்து நிமிஷம் கெலமங்கலம் தாண்டியும் ஓடியது. குரல் மெல்ல மெல்ல உயர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் அப்படியே நின்று கேட்டார். அவள் கை தானாகத் தன் சடைக்குப் போனது. ஒரு முடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

வெங்கடம்மாள் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தவர், இடையில் மெதுவாகச் சொன்னார்:

"ஏங் கண்ணு, நம்ம கோஸுக்கு மருந்தடிச்சா பாதி உருண்டு கீழ போயிடுது. அதுவும் இதானா? அதுக்கு என்னா பண்றது..."

"நல்ல கேள்விம்மா. கடைசில வர்றேன்" என்றாள் ஜெயப்ரியா.

தேன்கனிக்கோட்டை வந்துவிட்டது. இருட்டுவதற்குள் கோஸ் கொல்லைக்குப் போக வேண்டும் என்று வெங்கடம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மகள் பின்னாலேயே பேசிக்கொண்டு போனாள்.

ஆகவே வாசகரே, விளக்குநர் பிறப்பதில்லை, அந்த வியாதி ஒட்டிக்கொள்கிறது. நமக்கெல்லாம் அது இல்லை என்று நிம்மதியாக மூச்சு விடுகிறீர்களா? விடுங்கள். ஆனால் முடியின் பருமன் லட்சம் என்று வந்த இடத்தில், "எண்பதாயிரம்னும் சொல்வாங்களே" என்று உங்கள் வாய் முணுமுணுக்கவில்லையா? கோஸ் மருந்தில் எதைக் கலந்தால் ஒட்டும் என்று வெங்கடம்மாளுக்குச் சொல்ல இந்த நிமிஷம் நாக்கு துறுதுறுக்கவில்லையா? பரவாயில்லை, அதெல்லாம் சின்ன அறிகுறிகள். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் கடைசியாக ஒன்று கேட்டிருப்பார்கள். நீங்கள் சொன்ன பதில் எனக்கு வேண்டாம், அது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அவர்கள் கேட்டது என்ன? அதை மட்டும் சொல்லுங்கள்.