சிறீதரன் அண்ணையின் மகள் என்ன படிக்கிறாள்?

ஜெர்மனியில் வாழும் உயிரினங்களைப் பற்றித் தடித்த தடித்த புத்தகங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் நம்முடைய 'படிப்பு உயர்த்தி அப்பா'வைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இல்லை. பெரிய அநியாயம்! கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், பெண் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, தமிழ்க் கடையின் முருங்கைக்காய்ப் பெட்டியடி என்று நாலு தமிழர் கூடுகிற இடமெல்லாம் இந்த இனம் தாராளமாகக் காணக் கிடைக்கும். அடையாளம் காண்பதும் சுலபம். "பிள்ளை என்ன படிக்குது?" என்று கேளுங்கள். மற்றவர்கள் பதில் சொல்வார்கள். இவர் முதலில் தொண்டையைச் செருமுவார்.

டோர்ட்மண்டில் பார்சல் கிடங்கில் வேலை செய்யும் சிறீதரன் அண்ணையை எடுத்துக்கொள்வோம். தங்கமான மனிதர். யாராவது வீடு மாறினால் சோபா தூக்க முதல் ஆளாக வந்து நிற்பவர். அவருடைய ஒரே மகள் தர்மிகா யூனிவர்சிட்டியில் சூழலியல் படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு. எந்தப் புல் எங்கே முளைக்கிறது, எந்த வண்டு எதைத் தின்கிறது, அந்த வண்டு இல்லாமல் போனால் யாருக்கு நட்டம் என்பதெல்லாம்தான் படிப்பு. இதைத் தகப்பன் இந்த மூன்று வருஷத்தில் ஒருவரிடமாவது நேராகச் சொல்லியிருப்பாரா? மூச்!

முதல் வருஷம், "சுற்றாடல் சம்பந்தமானது" என்றார். கேட்டவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அடுத்த கல்யாணத்தில் அது சுற்றாடல் இஞ்சினியரிங் ஆயிற்று. இரண்டு பேர் தலையாட்டினார்கள். தலையாட்டலில் ருசி கண்டவர் அதோடு விடுவாரா? மூன்றாவது கல்யாணத்தில் "பயோலொஜி, அதிலயிருந்து மெடிசினுக்கு மாறலாம்" என்றார். நாலாவதில் மாறியே விட்டாள். பிள்ளை அதே வகுப்பில் அதே வாங்கில் இருக்க, அவளுடைய படிப்பு மட்டும் மண்டபம் மண்டபமாகப் பதவி உயர்வு பெற்றுக்கொண்டிருந்தது.

"ஏனப்பா பொய் சொல்லுறியள்? அவள் விரும்பித்தானே படிக்கிறாள்" என்று மனைவி ஜெயமலர் ஒருநாள் கேட்டாள்.

"நான் எங்க பொய் சொன்னனான்? கொஞ்சம் கூட்டிச் சொல்லுறன், அவ்வளவுதான்."

இந்த இனத்தின் கூவல் இதுதான்.

தர்மிகாவுக்கு இந்தப் பதவி உயர்வுகள் எதுவும் தெரியாது. அந்த வருஷம் அவளுக்கு உலகமே ஒரு வண்டுதான். வீதியோரப் புல்வெளிகளில் ஒரு சின்னக் கறுத்த வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேடுவது அவளுடைய பட்டத்துக்கான ஆய்வு. தயிர்க் கோப்பைகளை மண்ணில் புதைத்து வைத்து, பத்துக் கிழமையாக விடியப் போய்ப் பார்த்தாள். எறும்பு விழுந்தது, நத்தை விழுந்தது, யாரோ எறிந்த சிகரெட் கட்டை விழுந்தது. வண்டு விழவில்லை. "இண்டைக்குக் கிடைச்சதோ, பிள்ளை?" என்று சிறீதரன் அண்ணை ஒவ்வொரு பின்னேரமும் கேட்பார். மனசாரத்தான் கேட்பார். "இல்லையப்பா" என்றால் அவருக்கும் சாப்பாடு இறங்காது. வீட்டுக்குள் இந்த இனம் பரம சாது.

ஜூன் மாதத்தில் ஒரு கல்யாணம். பேர்லினிலிருந்து அண்ணையின் பழைய சிநேகிதன் பாலமுருகன் வந்திருந்தார். தர்மிகாவை அவர் ஐந்து வயதில் பார்த்ததோடு சரி. தயிர்க் கோப்பைகளை விட்டுவிட்டு அந்தக் கல்யாணத்துக்கு வர மகள் மறுத்ததால், "அவவுக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி" என்று மண்டபத்தில் அறிவித்தாயிற்று. மறுநாள் காலை சிநேகிதனை ரயிலேற்றக் காரில் கூட்டிப் போகும்போதும் அதே கதைதான். "இன்னும் ரெண்டு வருஷம், அவ டொக்டர்" என்று சொல்லி வாய் மூடவில்லை, வீதித் திருத்த வேலையில் கார்கள் வரிசையாக நின்றுவிட்டன.

வீதியோரப் புல்லில், செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் முழங்காலில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். காரைக் கண்டாள். ஒரு சின்னப் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி, முகமெல்லாம் மண்ணும் வாயெல்லாம் சிரிப்புமாக ஓடி வந்து கண்ணாடியில் தட்டினாள். போத்தலுக்குள் வண்டு!

சிறீதரன் அண்ணை சுற்றிப் பார்த்தார். முன்னால் கார், பின்னால் கார், பக்கத்தில் பாலமுருகன். கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார்.

"சொல்லுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல் ஜெர்மன் மொழியில் கேட்டார்.

தர்மிகா அப்பாவைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். மூன்று வருஷமாக உயிரினங்களைக் கவனிக்கப் பழகிய பிள்ளை. விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை.

"மன்னிக்க வேண்டும். என் அப்பாவின் கார் என்று நினைத்துவிட்டேன்" என்று அவளும் ஜெர்மனிலேயே, வெகு மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"தமிழ்ப் பிள்ளை மாதிரிக் கிடக்கு" என்றார் பாலமுருகன். "பாவம். தாய் தேப்பன் கவனிக்கிறேல்லைப் போல, என்ன அண்ணை?"

"ஓம்" என்றார் சிறீதரன் அண்ணை. கதவைத் திறந்து இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் ஜெயமலருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பாவும் அந்த றோட்டாலதானே போனவர். அவருக்குக் காட்டினியோ?"

தகப்பன் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். தர்மிகா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லையம்மா. அப்பாவை நான் காணேல்லை."

சரி, சிறீதரன் அண்ணை பாடு அவருக்கு. உங்களைக் கேட்கிறேன்: உங்கள் பிள்ளை என்ன படிக்கிறது? பயப்படாமல் சொல்லுங்கள். அட, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்?