புகை குடிச்ச மத்து

"புகை மூங்கில்தான். பின்ன என்னன்னு நினைச்சே?"ன்னான் கென்சாகு.

அவன் பெண்டாட்டி சதாயோ அந்த மத்தை ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தா. பச்சைத் தேயிலைப் பொடியை வெந்நீர்ல போட்டு நுரைக்க நுரைக்கக் கடையற மூங்கில் மத்து. தகயாமா ஊர்ல பல வீட்டுக்கு அதைச் செதுக்கறதுதான் பொழைப்பு. கென்சாகு வீட்டு மத்து எப்பவும் வெள்ளை வெளேர்னு இருக்கும். இது மட்டும் செங்கல் நிறம். அதுவும் பட்டறையில ரேடியோவுக்குப் பின்னால துணி சுத்திக் கிடந்துச்சு.

"புகை மூங்கில் உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"டாம்பா மலையில. பெரியப்பா வீட்டுக் கூரையைப் பிரிச்சாங்கல்ல? நூறு வருஷமா அடுப்புப் புகையைக் குடிச்சுக் குடிச்சுச் சிவந்துபோன மூங்கில்."

"குடிச்சது மூங்கில்தானா?"

"பின்ன நானா?"

"நான் அப்படிச் சொல்லலையே. உங்க பெரியப்பா வீடு ஓட்டு வீடாச்சே?"

"ஓட்டுக்கு முன்னால வைக்கோல்."

"மத்துப் பல்லைச் சுத்திக் கட்டியிருக்கிறது நம்ம வீட்டு நூலு. முடிச்சு என் முடிச்சு. புகை மூங்கில்ல நான் நூல் கட்டின ஞாபகமே இல்லையே."

"தூக்கக் கலக்கத்துல கட்டியிருப்பே."

"சரி"ன்னா சதாயோ.

கல்யாணம் ஆன நாள்ல இருந்து, அவ 'சரி'ன்னு சொன்ன எதுவும் அவனுக்குச் சரியா முடிஞ்சதில்ல.

விஷயம் இதுதான். கென்சாகுவுக்குத் தேயிலைன்னா ஆகாது. மத்து செதுக்கறவன் இப்படிச் சொன்னா, பூசாரி சாமி இல்லேன்னு சொன்ன மாதிரி. அவன் உசிரு காப்பியில இருந்துச்சு. போன கோடையில வயித்துப் புண்ணுன்னு போனவனை டாக்டர் காப்பியைத் தொடாதேன்னுட்டாரு. "கத்தி பிடிக்கிற கை காப்பியாலதான் நடுங்குது"ன்னு சதாயோ தன் பங்குக்கு ஊதிவிட்டா. ஊர்க் கோயில்ல கையைத் தட்டிக் கும்பிட்டு, இனி காப்பி இல்லைன்னு சத்தியமும் வாங்கிட்டா.

சத்தியம் கோயில்ல. காப்பி பட்டறையில.

மத்தோட பல் நுனியை வெந்நீர்ல ஊற வெச்சுத்தான் மெல்லிசாச் சீவணும். அதனால பட்டறையில கெட்டில் எப்பவும் கொதிக்கும். யாரும் கேக்க முடியாது. அந்தச் சீவலும் குடும்ப ரகசியம். மூத்த மகனைத் தவிர யாரும் பாக்கக்கூடாது. மூத்த மகன் ஒசாகாவுல செல்போன் விக்கிறான். ஆக, கதவைச் சாத்திக்கிட்டு கென்சாகு காத்த ரகசியம் எல்லாம் ஒரு இன்ஸ்டன்ட் காப்பிப் பொடி பாட்டில்தான். தடி மூங்கில் குழாய்க்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தான். மத்தால ரெண்டு கடை கடைஞ்சா, நுரை மேகம் மாதிரி நிக்கும். குடிச்சா சொர்க்கம். கடைசியா வாங்கின பாட்டில்கள்ல அடியில கொஞ்சம் கசடு தங்குச்சு. ஒசத்திச் சரக்குன்னா அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டான். மத்து மட்டும்தான் கறை ஏறிச் சிவந்து காட்டிக் கொடுத்துருச்சு.

"ஞாயித்துக்கிழமை ஒகிட்சு டீச்சர் வர்றாங்க"ன்னா சதாயோ. ஒகிட்சு அம்மா நாராவுல தேநீர்க் கலை சொல்லிக் குடுக்கிறவங்க. வீட்டுக்கு வர்ற ஆர்டர்ல பாதி அவங்களும் அவங்க சிஷ்யைகளும்தான். "புகை மூங்கில் மத்து ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"இது விக்கிறதுக்கில்ல. பரம்பரைச் சொத்து."

"பாக்கத்தானே போறாங்க. போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

ஞாயித்துக்கிழமை வரைக்கும் கென்சாகு அந்த மத்தைக் கழுவினான். மாவு போட்டுத் தேய்ச்சான். வெளியே வயல்ல மத்துக்காக வெட்டி நிறுத்தின மூங்கிலெல்லாம் பனியில காஞ்சு வெளுத்துக்கிட்டு இருந்துச்சு. இது மட்டும் வெளுக்கவே இல்ல. சாயம் வெளுக்கப் போறது யாருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு.

டீச்சர் வந்தாங்க. உக்காந்தாங்க. மத்தை வாங்கி, முறைப்படி கிண்ணத்து வெந்நீர்ல நனைச்சு எடுத்தாங்க. தண்ணி பழுப்பாச்சு.

"என்ன கென்சாகு, சாயம் இறங்குது?"

"நூறு வருஷப் புகை டீச்சர். அவ்வளவு லேசுல ஓயாது."

டீச்சர் கிண்ணத்தை மூக்குகிட்ட கொண்டு போனாங்க. கென்சாகு மூச்சைப் பிடிச்சுக்கிட்டான். காப்பி வாசனைன்னு சொன்னா என்ன பதில் சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு நாலு பொய் தயார் பண்ணி வெச்சிருந்தான்.

"புகை வாசனையே காணோமே. வறுத்த பார்லி வாசனைல்ல அடிக்குது?"

பார்லியா? பார்லிக்கு அவன்கிட்ட பொய்யே இல்ல.

"அது... பெரியப்பா வீட்டு அடுப்புல பார்லி வறுப்பாங்க."

"நூறு வருஷமாவா?"

"பார்லின்னா அவங்களுக்கு உசிரு டீச்சர்."

சதாயோ முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டா. டீச்சர் மத்தைத் தள்ளி வெச்சுட்டுச் சிரிச்சாங்க.

"பெரியப்பா வீடு இருக்கட்டும். போன மாசம் அனுப்பின வெள்ளை மத்து இருக்கே, ரொம்பப் பிரமாதம். பல்லு ஒவ்வொண்ணும் ஒரே சீரு. முன்னேயெல்லாம் கை கொஞ்சம் நடுங்கும் உனக்கு. இப்ப நடுக்கமே இல்ல. புத்தாண்டு ஆர்டர் எல்லாமே உன்கிட்டதான்."

டீச்சரை வாசல் வரைக்கும் போய்க் குனிஞ்சு குனிஞ்சு வழியனுப்பிட்டு வந்தான் கென்சாகு. குனிஞ்ச முதுகு நிமிர்ந்துச்சு. நெஞ்சும் நிமிர்ந்துச்சு. இனி எதுக்கு ஒளிக்கணும்?

"கேட்டியாடி? கை நடுங்கலையாம்! ஏன் தெரியுமா?"

"ஏன்?"

"காப்பி! ஆமா, குடிச்சேன். இலையுதிர் காலத்துல இருந்து, நாள் தவறாம, உன் மூக்குக்குக் கீழேயே குடிச்சேன். அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? உனக்கு என்ன தெரியும்? காப்பி உள்ள போனாத்தான் இந்தக் கை நிக்கும்!"

"வயிறு?"

"வயிறும் வலிக்கல. காப்பிதான் மருந்து!"

சதாயோ நிதானமா கிண்ணத்தைத் துடைச்சு வெச்சா.

"தடி மூங்கில் குழாய்க்குள்ளதானே இருக்கு பாட்டில்?"

கென்சாகுவோட நெஞ்சு பாதி இறங்குச்சு.

"நீங்க புதுசு வாங்கி வாங்கி வெச்சீங்க. நான் பாட்டிலைக் காலி பண்ணிட்டு, பார்லியைக் கருக வறுத்து அரைச்சு மாத்தி மாத்தி வெச்சேன். நீங்க குடிச்சது அதான். அதான் வயிறும் வலிக்கல, கையும் நடுங்கல."

"அதெப்படி... நுரை... ருசி..."

"நல்லாக் கடைஞ்சா எதுவும் ருசிக்கும். மத்து அப்படி. நீங்க செஞ்சதுல்ல?"

கென்சாகு மத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்புறம் ஒரு சந்தேகம் வந்துச்சு.

"சரி, நான் வாங்கின காப்பியெல்லாம் எங்க கொட்டினே?"

"கொட்டறதா? காசு போட்டு வாங்கினதை யாராவது மண்ணுல கொட்டுவாங்களா?"

எழுந்து சமையல்கட்டுக்குப் போனா. கெட்டில் விசில் அடிச்சுச்சு. டப்பா மூடி திறக்கிற சத்தம். அப்புறம் ஒரு வாசனை. அசல் வாசனை. இவ்வளவு நாளா தான் மோந்து பாத்தது எது, இது எதுன்னு கென்சாகுவோட மூக்கு அப்பத்தான் கணக்குப் போட்டுச்சு.

"ஏங்க!"ன்னு உள்ளேயிருந்து கூப்பிட்டா சதாயோ. "கரண்டியால கலக்கினா நுரையே வரமாட்டேங்குது. உங்க பெரியப்பா வீட்டு மத்தைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

எடுத்துட்டுப் போனான்.