நெறியாளரின் கடவுச்சொல்

அறிவியல் இத்தனை தூரம் வளர்ந்ததற்குப் பரிந்துரைக் கடிதங்களே காரணம் என்பதை உலகம் ஒருநாள் ஒப்புக்கொண்டே தீரும். அந்த மகத்தான துறையில் ஆறாண்டு தொண்டாற்றியவன் பூஞ்சை டாக்டர். இலையில் படரும் பூஞ்சையை ஆராய்ந்து முனைவர் ஆனதால் ஆய்வகம் சூட்டிய பெயர்.

பட்டம் வந்த கையோடு விடுதி வார்டனின் ஓலையும் வந்தது: மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்க. ஆய்வகத்தில் அவன் மேசைமேல் அடுத்த மாணவியின் தண்ணீர் பாட்டில் ஏற்கெனவே குடியேறியிருந்தது. வெளிநாட்டில் ஓர் ஆய்வுப் பணி கிடைத்தால் உண்டு. இல்லையேல் அக்கா வீட்டு சோபா.

"நூத்திப் பதிமூணு பேருக்கு மெயில் போட்டியே, ஒருத்தர் கூடவாடா பதில் போடல?" என்றாள் அக்கா போனில்.

"நாலு பேர் போட்டாங்கக்கா. லீவுல இருக்காங்களாம்."

நூற்றுப் பதினான்காவது பேராசிரியர் மனிதர். 'ஆய்வு நெறியாளரின் பரிந்துரைக் கடிதம் தேவை' என்று கேட்டிருந்தார். 'கூட்டங்களைக் குறைப்பது எப்படி' என்ற நான்காவது கூட்டத்திலிருந்து வெளியே வந்த நெறியாளரை வாசலிலேயே மடக்கினான்.

"நீயே எழுதி என் மெயில்லேர்ந்து அனுப்பிடுப்பா. பாஸ்வேர்டு உன்கிட்டதானே இருக்கு."

"என்னைப் பத்தி நானே எப்படி சார்..."

"உன்னைப் பத்தி எனக்கென்னப்பா தெரியும்?"

நியாயம்தான். அவருடைய பாஸ்வேர்டே அவருக்குத் தெரியாது. வேண்டும்போது இவனைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்.

தன்னைத் தானே புகழக் கூச்சம். பூஞ்சையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினான். தன்னைப் பற்றி ஒரே வரி: 'பையன் பரவாயில்லை.' அங்கிருந்து கேள்விகள் வந்தன. நெறியாளராக உட்கார்ந்து பதில் போட்டான். ஒன்பது நாளில் பதினோரு கடிதம். பத்தாம் நாள் தீர்ப்பு வந்தது: 'உங்களைப் போன்ற கூர்மையானவரை நாங்கள் கண்டதில்லை. ஈராண்டுப் பணிக்குத் தாங்களே வரவேண்டும். வயது வரம்பைத் தளர்த்திவிட்டோம்.'

நெறியாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். "பாத்தியா, திறமை எங்க இருந்தாலும் தேடி வந்துடுறாங்க. சரின்னு ஒரு மெயில் தட்டிடுப்பா."

பூஞ்சை டாக்டர் தண்ணீர் பாட்டிலை நகர்த்திவிட்டு உட்கார்ந்தான். நெறியாளரின் மெயிலிலிருந்து முதல்முறையாக ஓர் உண்மை புறப்பட்டது: 'ஐயா, இக்கடிதங்களில் ஒரு வரிகூட என்னுடையதல்ல. எல்லாம் என் மாணவன் எழுதியவை. அவனை அழையுங்கள்.'

மறுநாள் பதில் வந்துவிட்டது: 'மாணவனுக்காகத் தன் பெருமையையே விட்டுக்கொடுக்கும் ஆசிரியரை இன்றுதான் பார்க்கிறோம். ஈராண்டை ஐந்தாண்டாக்கியிருக்கிறோம்.'

"அப்படி என்னப்பா எழுதின?" என்றார் நெறியாளர்.

"உண்மைய எழுதினேன் சார்."

"அதான். உண்மைக்கு எப்பவும் ஒரு மரியாதை இருக்கு. நன்றின்னு ஒண்ணு போட்டுடு." வாசல்வரை போனவர் நின்றார். "ஆமா, நான் போயிட்டா அங்கேர்ந்து வர்ற மெயிலுக்கெல்லாம் யாரு பதில் போடுறது? நீ ரூமைக் காலி பண்ணாதப்பா. வார்டனுக்கு ஒரு லெட்டர் எழுதி எடுத்துட்டு வா, கையெழுத்து போட்டுத் தர்றேன்."

அந்தக் கடிதத்தில் தன்னைப் பற்றி எழுத அவன் கூச்சமே படவில்லை.

நெறியாளர் வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய வெளிநாட்டு ஆய்வு, விடுதியின் பதினேழாம் எண் அறையில் சிறப்பாக நடந்துகொண்டிருக்கிறது.