முப்பத்தொன்றரை கேம்

பதுளை மாவட்டத்தில் வீடியோ கேம் விளையாடுகிற ஒருவரையும் நிம்மதியாக விளையாட விடாத ஒரே மனிதர் கணக்கப்பிள்ளை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இல்லாத நாட்களிலும் இதையேதான் சொல்லி வருகிறேன்.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, வந்த ஆட்களின் பேரைக் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவார். ஐம்பத்தாறு வயது. வெயில் காய்ந்தாலும் கழற்றாத ஜேர்சி. காதில் ஒரு பேனை.

எனக்குப் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற கடை. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் வியாபாரம் இருக்காது. அப்போது பழைய கேம் பைத்தியங்கள் ஐந்தாறு பேர் அங்கே கூடுவோம். விளையாடுவது கொஞ்சம், சண்டை பிடிப்பது அதிகம். எந்தக் கொன்சோல் பெரியது, எந்தக் கம்பனி நல்ல கேமை நாசமாக்கியது, அடுத்து வரப்போகிற மெஷினில் என்ன இருக்கும், இதெல்லாம்தான் சண்டை. ஒரு ஞாயிறு இந்த மனிதர் போனுக்குத் திரை மாற்ற வந்தார். அரை மணித்தியாலத்தில் மாற்றிக் கொடுத்தேன். பதினொரு வருசம் ஆகிறது, ஆள் இன்னும் போகவில்லை.

மூன்றாவது வாரமே எங்களுக்குப் பெரட்டு எடுக்கத் தொடங்கிவிட்டார். சரியாக இரண்டு மணி. கொப்பியைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். இரண்டு நிமிசம் பிந்தினாலும், "இன்னைக்கு வேல இல்ல, போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு நாள் மழையில் நானே பத்து நிமிசம் பிந்தினேன். அவர் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் குடையோடு நின்று, ஷட்டரைப் பார்த்து எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடித்திருந்தார்.

"வேல இல்ல தம்பி."

"அண்ணே, இது என் கடை."

"கடை ஒன்னோடது. நேரம் ஒன்னோடது இல்லயே."

என் கடையைத் திறந்துவிட்டு, அன்று நான் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள்.

அது பரவாயில்லை. அரைப்பேர் என்று ஒன்று வைத்திருந்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தோட்டத்தில் நாள் முழுக்க மலையில் நின்றாலும், பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள்தான் எழுதுவார்கள். அதற்குப் பேர் அரைப்பேர். இந்த மனிதர் அதைக் கேமுக்குக் கொண்டுவந்தார்.

"கடைசி ராட்சசன அடிச்சியா தம்பி?"

"அடிச்சு முடிச்சிட்டேன் அண்ணே."

"கையால அடிச்சியா, யூடியூப்ல பாத்தியா?"

நான் யூடியூப் ஓடிக்கொண்டிருந்த போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அரைப்பேர்."

இப்படி இருந்தவருக்கும் எங்கள் சேருக்கும் ஒரு நாள் முட்டிக்கொண்டது. சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கணிதம் படிப்பிக்க பதுளைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வீடியோ கேம் தொழிலின் சரித்திரம் முழுக்க அவர் வாயில் இருக்கிறது. அன்றைக்குக் கணக்கப்பிள்ளை தன்னுடைய பழைய டிவி கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது தெரியும். வெள்ளைப் பெட்டி, பொத்தான் வைத்த இரண்டு பிடி, ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, மேலே செருகுகிற மஞ்சள் கெசட். கெசட்டில் 9999 கேம் என்று அச்சடித்திருக்கும். தோட்டத்து லயம் என்கிற வரிசை வீடுகளுக்கு வந்தது அது ஒன்றுதான்.

சேர் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, குறை நினைக்காதேங்கோ. உது கொன்சோல் இல்லை. யப்பான்காரன் செய்ததைப் பார்த்து எவனோ களவாய்ச் செய்த கொப்பி. சரித்திரத்தில உதுக்கு இடமில்லை" என்றார்.

"நம்ம லயத்துல டிவிக்குள்ள ஒரு பொம்மய நாம சொன்ன பக்கம் நடக்க வச்சது இதுதான் சேர். இது சரித்திரத்துல இல்லன்னா நாம எங்க இருந்தோம்?"

சேர் போனில் ஓர் இணையத்தளத்தைத் திறந்து காட்டினார். வெளிநாட்டில் சில ரசிகர்கள் நடத்துவது. உலகத்தில் வந்த எல்லாக் கொன்சோல்களும் எல்லாக் கெசட்டுகளும் அதில் இருக்கின்றன. ஐம்பது பேர் வாங்கி உடைத்துப் போட்ட மெஷின்கூட இருக்கிறது. எங்களுடையது இல்லை. எனக்குக் கோபம் வந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் விரல் தேய விளையாடியதை விட்டுவிட்டு எழுதினால் அது என்ன சரித்திரம்? கம்பனி விற்றதை எழுதுகிறார்கள், மனுசன் விளையாடியதை எழுதுவதில்லை.

கணக்கப்பிள்ளை கோபப்படவில்லை. "இதுல சேக்கிறதுக்கு என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டார்.

கெசட்டுக்குள் என்ன இருக்கிறது என்று முழுப் பட்டியல் கொடுத்தால் சேர்ப்பார்கள் என்றார் சேர்.

"9999 தானே. எழுதிட்டா போச்சு."

நாலு வருசம் போனது.

விளையாடியவர்களுக்கு அந்தக் கெசட்டின் பித்தலாட்டம் தெரியும். முதல் முப்பத்தொன்று வரைதான் வேறு வேறு கேம். அதற்குப் பிறகு அதே கேம்கள் வேறு பேரில் வரும். ஒன்றில் இரண்டாம் கட்டத்தில் தொடங்கும், ஒன்றில் சட்டை நிறம் மாறியிருக்கும். இதை நான் ஐந்து நிமிசத்தில் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் என் கடை டிவியில் ஒவ்வொன்றாகத் திறந்து, ஆடிப் பார்த்து, எழுதினார். இதில் கொடுமை என்னவென்றால், ஒரு கேமை விட்டு வெளியே வர ரீசெட் அழுத்த வேண்டும். அழுத்தினால் பட்டியல் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்விடும். அறுநூறாம் பக்கத்தில் இருந்த மனிதர் மறுபடி பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அறுநூறுக்குப் போவார். கை தவறி அறுநூற்றி நாலுக்குப் போனால் திரும்பி வருவார். முகத்தில் ஒரு சலிப்பும் இருக்காது. பார்த்துக்கொண்டிருக்கிற நான்தான் எழுந்து வெளியே போவேன்.

துப்பாக்கிக் கேம்களுக்கு அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கி வேண்டும். ஒரு ஞாயிறு அது பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பஸ்ஸில் வந்திருக்கிறார். பசறையில் ஏறிய பொலிஸ்காரர் என்ன இது என்று கேட்டிருக்கிறார்.

"இதால வாத்து மட்டுந்தான் சுடலாம் மாத்தயா. அதுவும் பழைய டிவியிலதான்."

பொலிஸ்காரர் துப்பாக்கியைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடி, டிரைவர் கண்ணாடியைக் குறி பார்த்து, "இது இன்னும் வேலை செய்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டாராம். பிறகு யுத்தத் தாங்கிக் கேமில் பதினேழாம் கட்டத்தைத் தாண்டுவது எப்படி என்று கேட்டாராம். இவர் விளக்கினாராம். பஸ் கால் மணித்தியாலம் நின்றது. கடைக்கு இரண்டு பத்துக்கு வந்து சேர்ந்தவர், பிந்தி வந்தவன் வேலைக்கு இறங்கக் கூடாது என்று சொல்லி அன்று முழுக்கக் கெசட்டைத் தொடாமல் சுவரோரம் நின்றார். கதிரை கொடுத்தும் உட்காரவில்லை.

அந்த வாத்து விசயத்தில் அவர் சொன்னது உண்மை. அந்தத் துப்பாக்கி பழைய பெட்டி டிவியில்தான் சுடும், இப்போதைய தட்டை டிவியில் சுடாது. ஊரில் மிச்சமிருந்த பெட்டி டிவிகளில் ஒன்று என் கடையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

போன வருசம் புதுக் கொன்சோல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. சேர் தினமும் ஒரு செய்தி கொண்டுவந்தார். டிஸ்க் தட்டுப் போடுகிற வாயே இருக்காதாம், எல்லாக் கேமையும் இணையத்தில்தான் இறக்க வேண்டுமாம்.

"நம்ம பக்கம் வாட்ஸ்அப்புல ஒரு குட்மோர்னிங் எறங்கவே மத்தியானம் ஆகுது சேர்" என்றார் கணக்கப்பிள்ளை. "இது எறங்குறதுக்குள்ள நான் பென்சன் எடுத்துருவேன்."

இதில் அவர் பக்கம்தான் நான். கையில் பிடிக்க முடியாத, சிநேகிதனுக்கு இரவல் கொடுக்க முடியாத ஒன்றை விற்றுவிட்டு, அதற்கு வளர்ச்சி என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எனக்கும் ஆசை இருந்தது. தட்டை டிவி ஒன்று வாங்கினேன். மாசக் கடைசியில் பெட்டி டிவியைத் தூக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

கணக்கப்பிள்ளைக்கு இன்னும் நானூறு கேம் இருந்தது. அவர் கெஞ்சவில்லை. கிழமை நாட்களிலும் காலைப் பெரட்டை முடித்து, அரை நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து வந்தார். போன் திருத்த வருகிறவர்கள் எல்லாம் இந்த மனிதர் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டு, என்னிடம் சைகையில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது நானும் சேரும் சேர்ந்து சொன்னோம்.

"அண்ணே, மிச்சம் நூத்தம்பதுதான். எல்லாம் பழையதுதான் வரும். மேல உள்ளதப் பாத்து எழுதிருங்க. யாரு பாக்கப் போறா?"

அவர் பிடியைக் கீழே வைத்தார்.

"வராத ஆளுக்குப் பேர் போடச் சொல்றியா?"

"இது கேம் அண்ணே."

"முன்ன இருந்த தோட்டத்துல பெரியவங்க இதத்தான் சொன்னாங்க. வராத பன்னெண்டு பேருக்குப் பேர் போடுன்னாங்க. மாட்டேன்னேன். அட்டை கடிக்கிற மலைக்கு மாத்தினாங்க. இருபது வருசம் அங்கதான் கெடந்தேன். ஒரு படி ஏத்தல." குரல் உயரவில்லை. "இப்ப ஒனக்காகப் போடவா?"

நான் போய்த் தேத்தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

முடிகிற தறுவாயில் 9871 வந்தது. திறந்தால் கறுப்புத் திரை. படம் இல்லை. பாட்டு மட்டும் ஓடியது. அந்தப் பாட்டு கெசட்டில் வேறு எந்தக் கேமிலும் இல்லை. மூன்று தரம் கழற்றிப் போட்டோம், ஊதிப் போட்டோம், துடைத்துப் போட்டோம். கறுப்புத்தான். கணக்கப்பிள்ளை நெடுநேரம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரட்டுக்கு வந்துருக்கான், சத்தம் கேக்குது. வேலைக்கு எறங்கல. அரைப்பேர்."

கடைசி நாளில் கணக்கை மூடினார். கெசட்டில் அச்சடித்திருந்த பேர் 9999. உள்ளே இருந்த கேம் முப்பத்தொன்றரை.

சேர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். பதில் வந்தது. பட்டியல் அருமை, ஆனால் அரைக் கேம் என்று ஒன்று இல்லை, முப்பத்தொன்று அல்லது முப்பத்திரண்டு என்று மாற்றினால் உடனே சேர்க்கிறோம் என்றார்கள்.

"மாத்த வேணாம்" என்றார் கணக்கப்பிள்ளை. "அப்படித்தான்னா, சேக்கவே வேணாம்."

அன்று நான் அவரை ஏசிய ஏச்சைப் பத்திரிகையில் எழுத முடியாது. நாலு வருசம் என் கடையில் பாதியை எடுத்துக்கொண்டு, என் மின்சாரத்தை எரித்து, என் நிம்மதியைக் கெடுத்து, கடைசியில் ஒரு அரைக்காக எல்லாவற்றையும் குப்பையில் போடுகிற மனிதரை வேறு எப்படி ஏசுவது? அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கெசட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

சேர்தான் உட்கார்ந்து எழுதினார். சரித்திரத்தில் இடமில்லை என்று சொன்ன அதே சேர். அரைப்பேர் என்றால் என்ன என்று நாலு பக்கம். மழையில் நாள் முழுக்கப் பறித்தும் நிறை காணாமல் அரை நாளோடு திரும்புகிற பெண்களைப் பற்றி. அரை நாள் என்றாலும் அவர்கள் வந்தார்கள் என்பதற்கு அது ஒன்றே எழுத்தில் இருக்கிற சாட்சி என்று. எனக்குப் படித்துக் காட்டியபோது, "உதைக் கணக்கப்பிள்ளையிட்டச் சொல்லிப்போடாதையும்" என்றார்.

மூன்று கிழமை கழித்து அந்தத் தளத்தில் எங்கள் கெசட் ஏறியது. முப்பத்தொன்றரை. கீழே சிறிய எழுத்தில் ஒரு விளக்கக் குறிப்பு.

நான் பக்கத்தை முழுக்க வாசித்தேன். தொகுத்தவர்கள் என்ற இடத்தில் சேர் பேர் இருந்தது, என் பேர் இருந்தது. அவர் பேர் இல்லை. அடுத்த ஞாயிறு கொப்பியோடு வந்தவரை வாசலிலேயே பிடித்தேன்.

"நாங்க என்ன செஞ்சோம்னு எங்க பேரப் போட்டுருக்கு? உங்க பேர் எங்க அண்ணே?"

"பட்டியல் குடுக்கையிலேயே நான்தான் சேர்கிட்ட அப்படி எழுதிக் குடுத்தேன். பெரட்டு எடுக்கிறவன் தன் பேரத் தானே கூப்பிடுவானா தம்பி? நீங்க நாலு வருசமும் வந்தீங்க. நீ ஏசிக்கிட்டே வந்த, ஆனா வந்த."

எனக்கு வந்த ஆத்திரத்தில், அவர் முன்னாலேயே, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தளத்துக்கு எழுதினேன். அன்றைக்கே, எல்லோரும் கடையில் இருக்கும்போதே பதில் வந்தது. சேர்க்கிறோம், அவர் முழுப்பேர் என்ன என்று கேட்டிருந்தார்கள்.

எனக்குத் தெரியவில்லை. என் போனில் அவர் 'கணக்கப்பிள்ளை நமுனுகுல'. சேரைப் பார்த்தேன், சேர் நிலத்தைப் பார்த்தார். பதினொரு வருசம் ஒருவரும் அவர் பேரைக் கேட்கவில்லை. பக்கம் பக்கமாகச் சரித்திரம் பேசியவர்கள் நாங்கள்.

"அண்ணே, உங்க பேர் என்ன?"

அவர் கொப்பியை மூடினார். எழுந்து நின்றார். ஜேர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு, அப்பா பேரையும் சேர்த்து மெதுவாகச் சொன்னார். நான் எழுத்துக்கூட்டி அனுப்பினேன்.

அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். அதனால் தினமும் காலையில் கடை திறந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன், அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் பேர் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.